நண்டுப் பாட்டின் சரியான வேகம்

கேம் கேசட்டுக்குள் பாட்டு இருக்கிறது என்று இந்த நாட்டில் கோடிக்கணக்கான பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படித்தவர்களும் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையை இதற்கு மேலும் வளரவிடுவது நல்லதல்ல என்பதால் சொல்கிறேன்: கேசட்டுக்குள் பாட்டு கிடையாது. ஒரு நொடிப் பாட்டு கூடக் கிடையாது.

நீங்கள் கேட்டதால்தான் சொல்கிறேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்ததும், மடியில் என்ன சார், பழைய ரிமோட்டா என்றீர்கள். ரிமோட் இல்லை, ஜாய்ஸ்டிக். முன்பெல்லாம் டிவியில் மாட்டி விளையாடுவார்களே, டிவி கேம், அதன் ஜாய்ஸ்டிக். அதிலும் இரண்டாவது ஜாய்ஸ்டிக். முதலாவது பெட்டியோடு திருச்சியில் இருக்கிறது. என் மனைவி பூங்கோதையும் அங்கேதான் இருக்கிறாள், அவள் தங்கை வீட்டில். இரண்டு பேரும் இதற்காகக் காத்திருக்கிறார்கள். வருகிறேன், வரிசையாக வருகிறேன்.

கேசட்டுக்குள் இருப்பது வெறும் உத்தரவு. இந்த சுரத்தை இவ்வளவு நேரம் ஊது, நிறுத்து, அடுத்ததை ஊது, அவ்வளவுதான். பெட்டிக்குள் ஒரு சில்லு, அதாவது சிப், இருக்கிறது. அது இந்த உத்தரவைப் படித்து அப்போதைக்கு அப்போது வாசிக்கிறது. கேசட்டுக்குள் பாட்டைத் தேடுவது சமையல் குறிப்பைத் தின்று பார்த்து உப்பு போதவில்லை என்பதைப் போல. அப்புறம், கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதினால் சரியாகும் என்பதும் தப்பு. நீங்கள் ஊதியிருக்கிறீர்கள், முகத்திலேயே தெரிகிறது. கழற்றி மறுபடி செருகியதுதான் வேலை செய்தது. ஊதியது உங்கள் மனத் திருப்திக்கு.

நான் முத்திரை ஆய்வாளர். கடலூரில் வேலை. கடைத் தராசுகளைச் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை வைப்பேன். அனுமதிக்கப்பட்ட பிழை என்று ஒன்று உண்டு. அதற்குள் இருந்தால் முத்திரை, தாண்டினால் கிடையாது. இருபத்து நான்கு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இதில் கூடக் குறைய இருந்தால் என்ன என்ற பேச்சே வராது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

பூங்கோதையும் அவள் தங்கை அல்லியும் ஏழு வருடமாகப் பேசுவதில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அல்லியின் கணவர் ஜெயபால் திருச்சியில் ஸ்வீட் கடை திறந்தார். முதல் போணி நான்தான் செய்ய வேண்டும் என்றார்கள், ராசியான கை என்றார்கள். அரைக் கிலோ மைசூர்பாகு கேட்டேன். நிறுத்துக் கொடுத்தார். என் பையில் சோதனை எடைக் கல் இருந்தது. எடுத்து அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். அரைக் கிலோவுக்கு ஐந்து கிராம் குறைவு. சொன்னேன். சொந்தக்காரர்கள் இருந்தார்கள், நாதஸ்வரக்காரர் இருந்தார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னேன். ரகசியமாகச் சொல்ல அதில் என்ன இருக்கிறது? வழக்குக்கூடப் போடவில்லை, உறவு என்று விட்டுவிட்டேன். அதிலிருந்து அல்லி தன் அக்காவோடு பேசுவதில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அக்கா எதையும் நிறுக்கவில்லையே.

இந்த ஆனி மாதம் தபாலில் ஒரு பத்திரிகை வந்தது. ஆவணிக் கடைசியில் அல்லி வீட்டுப் புதுமனை புகுவிழா. தபாலில், சொந்த அக்காவுக்கு. எங்கள் பக்கத்தில் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நேரில் வந்து அழைக்க வேண்டும். தபாலில் வந்தால் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்று பொருள். உறையில் பின்கோடு தப்பாக இருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். பூங்கோதை வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளே எழுதியிருக்கா" என்றாள். "இது அவ கையெழுத்து."

அன்றைக்கே பரண் மேல் ஏறி டிவி கேம் பெட்டியை இறக்கினாள். அக்காவும் தங்கையும் நெய்வேலி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. கூடவே ஒரு கேசட், மேலே 9999 கேம் என்று அச்சடித்திருக்கும். பிற்பாடு நான் இணையத்தில் அதன் பட்டியலைப் பார்த்தேன். பதினொன்று. மீதி ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டும் அதே பதினொன்றுதான், நிறம் மட்டும் மாறும். உறையில் அறிவித்த எண்ணிக்கை உள்ளே இல்லையென்றால் அதற்குச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. போகட்டும்.

அந்தப் பதினொன்றில் ஒன்று நண்டு கேம். சிவப்பு நண்டு ஒன்று, நீல நண்டு ஒன்று, பக்கவாட்டில் நடக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஆட வேண்டும். ஆரம்பத்தில் பெயர் வருகிறபோது ஒரு பாட்டு வரும். பொத்தானை அழுத்தாதவரை அதே பாட்டு திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் அக்கா தங்கைக்குள் சண்டை வந்து பேசாமல் இருந்தால், யாராவது ஒருத்தி நண்டுப் பாட்டை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தாமல் உட்கார்ந்திருப்பாளாம். மற்றவள் எந்த அறையில் இருந்தாலும் அது கேட்கும். எழுந்து வந்து இரண்டாவது ஜாய்ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவாளாம். அவ்வளவுதான் சமாதானம். இரண்டாவது ஜாய்ஸ்டிக் எப்போதும் அல்லியுடையது.

"இதுல யாரு முதல்ல பேசினாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாதுல்ல?" என்றாள் பூங்கோதை. "அந்தப் பாட்டை மட்டும் எடுத்துக் கொடுங்க. வாட்ஸப்ல அனுப்பறேன். ஒரு வார்த்தை எழுத மாட்டேன். அவ பேசினா நான் விசேஷத்துக்குப் போவேன். பேசலைன்னா தபால்லயே வாழ்த்து அனுப்பிடலாம்."

இரண்டு மாதம் இருந்தது. போதாதா? பெட்டியைச் செருகிப் பார்த்தேன், விளக்கு எரியவில்லை. செத்துவிட்டது என்று முடிவு செய்தேன். கேசட்டைத் திறந்தேன். உள்ளே சில்லு இருக்க வேண்டிய இடத்தில் தார் சொட்டியது போல ஒரு கறுப்புக் கட்டி. அதிலிருந்து ஒன்றையும் படிக்க முடியாது.

ஆனால் பாருங்கள், உலகத்தில் சிலர் பழைய கேம்களிலிருந்து அந்த உத்தரவுகளை மட்டும் பிரித்தெடுத்துச் சின்னச் சின்ன ஃபைலாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எல்லா கேமுக்கும் இருக்கிறது. நண்டு கேமுக்கு அசல் பெயர் ஜப்பானிய மொழியில் வேறு என்னவோ. அதைக் கண்டுபிடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. ஃபைலை வாசிக்கத் தனி சாஃப்ட்வேர். போட்டேன், சத்தம் வரவில்லை. ஆடியோ சாதனம் எதுவும் இல்லை என்றது. லேப்டாப்பில் செய்தி வருகிறபோதெல்லாம் டிங் என்கிறது, இது சாதனமே இல்லை என்கிறது. கழற்றினேன், மாட்டினேன், அழித்தேன், மறுபடி போட்டேன். நாலு நாள். கடைசியில் பார்த்தால், போன பொங்கலுக்கு லேப்டாப்பை ஒயர் போட்டு டிவியோடு இணைத்திருந்தேன். இந்த சாஃப்ட்வேர் இன்னும் அந்த டிவிக்கே பாட்டை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கி ஆறு மாதம் ஆகிறது. அதற்கு யாரும் சொல்லவில்லை போல.

அதைச் சரிசெய்தால் பாட்டு பொரிந்தது. கடுகு வெடிக்கிற சத்தம். பூங்கோதை சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை. சாஃப்ட்வேரில் ஒரு எண்ணைக் கூட்டினால் பொரிவது நிற்கும் என்று இணையத்தில் சொன்னார்கள், கூட்டினேன், நின்றது. ஆனால் பொத்தானை அழுத்தி ஒரு வாய் காபி குடித்த பிறகு பாட்டு ஆரம்பித்தது. சரி, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஃபைலுக்குள் நாற்பத்தொரு துண்டு, ஒன்றுக்கும் பெயர் இல்லை. முதல் துண்டு, நண்டு சாகிற சத்தம். இரண்டாவது, அதே நண்டு வேறு விதமாகச் சாகிறது. பதினேழாவதுதான் நம்முடையது.

சேமிக்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன். அந்தப் பாட்டுக்கு முடிவு கிடையாது, சுற்றிச் சுற்றி வரும் என்று அதற்கும் தெரியவில்லை, எனக்கும் அப்போது தோன்றவில்லை. மதியம் சாப்பிட வராமல் சாயங்காலம் வந்து பார்த்தால், லேப்டாப்பில் இடமே இல்லை. ஆறு மணி நேரம் நண்டு. அந்த ஃபைலைத் திறக்கவும் முடியவில்லை, அழிக்கவும் முடியவில்லை. வேறொரு சாஃப்ட்வேர் உபயோகத்தில் இருக்கிறது என்றது. எந்த சாஃப்ட்வேர் என்று சொல்லவில்லை. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இப்படியாக ஆடி பிறந்தபோது ஒரு சுற்றுப் பாட்டை மட்டும் வெட்டி எடுத்தேன். சரியாக ஐம்பது நொடி. பூங்கோதையைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். பாதியில் துடைப்பதை நிறுத்தினாள்.

"இது இல்லைங்க" என்றாள்.

அதே பாட்டுதான் என்றேன். ஃபைலின் பெயர், எண், எல்லாம் காட்டினேன்.

"பாட்டு அதுதான். ஆனா இது ஓடுது. அது நடக்கும்."

இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்ன செய்வது? கம்ப்யூட்டரில் ஒலியை நொடிக்கு இத்தனை துண்டு என்று நறுக்கி வைப்பார்கள். நறுக்கியது ஒரு கணக்கு, வாசிப்பது வேறு கணக்கு என்றால் பாட்டு வேகமாக ஓடும். அதுவாக இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. லேப்டாப்பை மாற்றி ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன், அதே ஐம்பது. மூன்று வெவ்வேறு சாஃப்ட்வேர், அதே ஐம்பது. கடைசியில் பூங்கோதையையே முனகச் சொன்னேன். அடுப்படியில் நின்றுகொண்டு முனகினாள். ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்தேன். அறுபது. இன்னொரு நாள் மறுபடி, சொல்லாமல் கொள்ளாமல். அறுபத்தொன்று. மூன்றாம் முறை, அறுபது. முப்பது வருடத்துக்கு முன்னால் கேட்டது. ஒரு நொடிக்கு மேல் பிசகவில்லை, அதைக் குறித்துக்கொண்டேன். ஆனால் நினைவு என்பது சோதிக்கப்பட்ட கருவி இல்லையே.

இந்த மாதிரிக் கோளாறுகளைப் பேசவென்றே இணையத்தில் ஒரு மன்றம் இருக்கிறது. நாற்பது வரியில் எல்லாவற்றையும் விளக்கி எழுதினேன். போலந்து நாட்டுக்காரர் ஒருவர் ஒற்றை வரியில் பதில் போட்டார். உங்கள் டிவி எந்த நாட்டு டிவி?

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஜப்பானில் டிவித் திரை நொடிக்கு அறுபது முறை வரையப்படும். நம் ஊரில் ஐம்பது முறை. கேம் ஒவ்வொரு முறை திரை வரையும்போதும் பாட்டை ஒரு அடி நகர்த்தும். அறுபது அடி நகர வேண்டிய நேரத்தில் இங்கே ஐம்பது அடிதான் நகர்ந்திருக்கிறது. சுருதி ஏறக்குறைய அப்படியே இருக்கும், நடை மட்டும் தளர்ந்துவிடும். ஐம்பது நொடிப் பாட்டு அறுபது நொடி ஆகிவிடும். யோசித்துப் பாருங்கள், கிலோவுக்கு நூற்று அறுபத்தாறு கிராம் குறைவு. நெய்வேலியில் மட்டுமா? ஒரு தலைமுறையே குறைந்த எடையில் பாட்டு வாங்கியிருக்கிறது. ஒருவராவது புகார் கொடுத்தார்களா?

பூங்கோதைக்கு இதை விளக்கினேன். படம் போட்டே விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டாள்.

"அப்ப எனக்கு ஞாபகம் இருக்கறது சரிதானே?"

"உனக்கு ஞாபகம் இருக்கிறது சரி. ஞாபகம் இருக்கிற பாட்டு தப்பு."

அவள் லேப்டாப் திரையைப் பார்த்தாள். அந்த சாஃப்ட்வேரில் வேகத்துக்கென்று ஒரு கோடு இருக்கிறது.

"இதை இந்தப் பக்கம் தள்ளினா மெதுவா ஆகுமா?"

"ஆகும்."

"தள்ளுங்க."

தள்ள மாட்டேன் என்றேன். ஒரு கடைக்காரர் வந்து, சார், இத்தனை வருடமாக இந்தத் தராசுக்கே வாடிக்கையாளர்கள் பழகிவிட்டார்கள், அப்படியே முத்திரை வைத்துவிடுங்கள் என்றால் வைப்பேனா? இரண்டு மாதம் பாடுபட்டுச் சரியான பாட்டைக் கண்டுபிடித்து, அதைக் கையோடு கெடுத்து அனுப்புவதா? அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மறுநாள் தன் போனை என்னிடம் கொடுத்து, எனக்கு இந்த ஃபைல் எல்லாம் ஏற்றத் தெரியாது, நீங்களே அனுப்புங்க, மெதுவாக்கி அனுப்புங்க, ஒண்ணும் எழுதாதீங்க என்று சொல்லிவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள்.

மெதுவாக்காமல் அனுப்பினேன். ஆனால் அதை மறைக்கவில்லை, காரணத்தை எழுதியே அனுப்பினேன். அன்புள்ள அல்லி, நீங்கள் இருவரும் சிறுவயதில் கேட்டது குறைபாடுள்ள வேகம், ஆறில் ஒரு பங்கு குறைவு, சரியானது இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது, இப்படிக்கு உன் அக்கா கணவர் என்று நான்கு பத்தி. திரை வரைகிற கணக்கையும் சேர்த்திருந்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

பூங்கோதை திரும்பி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. ஏழு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை, நியாயமாகப் பார்த்தால் அதற்கு எனக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

"தராசு இன்னும் பையிலயேதான் இருக்கா மாமா?"

அது தராசு இல்லை, சோதனை எடைக் கல் என்றும், இப்போதெல்லாம் அதை ஆபீஸிலேயே வைத்துவிடுகிறேன் என்றும் பதில் போட்டேன். அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

பூங்கோதை வந்து எல்லாவற்றையும் படித்தாள். போனைக் கவிழ்த்து வைத்தாள். அப்புறம் நான்கு நாள் மோர்க்குழம்பு வைத்தாள். மோர்க்குழம்பு எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். மறந்திருப்பாள். அலமாரியில் பத்திரிகை அப்படியே இருந்தது. பக்கத்தில் தபால் கவர் ஒன்றும் வாங்கி வைத்திருந்தாள், வாழ்த்து அனுப்ப.

ஐந்தாம் நாள் மதியம் சாப்பிட வருகிறேன். ஹாலில் பெட்டி போன்ற பழைய டிவி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. செம்மண்டலம் பக்கத்தில் டிவி ரிப்பேர் கடையிலிருந்து இரவல் வாங்கி ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறாள். டிவி கேம் பெட்டியையும் அங்கேயே காட்டியிருக்கிறாள். அதற்கு ஒன்றுமில்லையாம், அடாப்டர்தான் போயிருந்ததாம், கால் மணி நேர வேலை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே அடாப்டரைச் சந்தேகப்பட்டிருப்பேன்.

கேசட்டைச் செருகினாள். செருகுவதற்கு முன்னால் வாயால் ஊதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நண்டு இரண்டும் வந்தன, பாட்டு ஆரம்பித்தது. அவள் அல்லிக்கு போன் போட்டாள். அந்தப் பக்கம் எடுத்தது தெரிந்தது. இவள் ஹலோ சொல்லவில்லை. போனை டிவியின் பக்கத்தில் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சுற்று, அறுபது நொடி. இரண்டு சுற்று. போனில் தப்பான வேகம் போய்க்கொண்டிருக்கிறது, அதுவும் நான் எழுத்து மூலமாகச் சரியானதைத் தெரிவித்த பிறகு. ஒரு விரலைத் தூக்கினேன். பூங்கோதை என்னைப் பார்த்தாள். விரலை இறக்கினேன். மூன்று, நான்கு. அந்தப் பக்கம் வைக்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஒருமுறை மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஜலதோஷமோ என்னவோ. ஏழாவது சுற்று முடிகிற இடத்தில் போனில் குரல் வந்தது.

"அக்கா, என் ஜாய்ஸ்டிக் எங்க?"

நானூற்று இருபது நொடி. நான் குறித்து வைத்திருக்கிறேன்.

பூங்கோதை அப்புறம் என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வெளியே வந்து, நாளைக்குக் காலையில் கிளம்புகிறேன் என்றாள். விசேஷத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்றேன். பால் காய்ச்ச அடுப்பு மூட்டுவதிலிருந்து கோலம் வரை அக்காதான் செய்ய வேண்டும் என்று அல்லி சொல்லிவிட்டாளாம். பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத்தான் எங்கு தேடியும் காணவில்லை. அவள் போன பிறகு நான் பரணில் தேடினேன். என் பழைய பித்தளை எடைக் கற்கள் இருந்த பெட்டிக்குள் கிடந்தது. கற்கள் உருளாமல் இருக்க நான்தான் முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். போன் போட்டுச் சொன்னேன். மறக்காமல் கொண்டு வாங்க, மற்றதெல்லாம் வேண்டாம் என்றாள்.

நாளைக்கு விசேஷம். விளக்கத்தை இரண்டு பிரதி எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், ஜெயபாலுக்கு ஒன்று, அல்லிக்கு ஒன்று. ஏழு சுற்றும் அவள் தப்பான வேகத்தில்தான் கேட்டிருக்கிறாள். அதை அப்படியே விடக்கூடாது என்றுதான் அன்று சாயங்காலமே என் போனிலிருந்து சரியான பாட்டையும் நான்கு பத்தியையும் அவளுக்கு மறுபடி அனுப்பினேன். ஏழு நாளாகிறது. இதோ பாருங்கள், வாட்ஸப்பில் ஒரு டிக்தான் விழுந்திருக்கிறது, இரண்டாவது விழவே இல்லை. அவள் பெயருக்குப் பக்கத்தில் இந்த வட்டத்தில் முன்பு அல்லியும் ஜெயபாலும் கடை வாசலில் நிற்கிற போட்டோ இருக்கும். இப்போது சாம்பல் நிறத்தில் ஒரு தலை மட்டும் இருக்கிறது.